நாக்கால் போட்ட குட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சுத்த முட்டாள். சாதாரண முட்டாள் அடிக்குப் பயந்து பாடத்தை விட்டு ஓடிவிடுவான். அடிக்குப் பயந்து பாடத்தைப் படித்து, அந்தப் படிப்பாலேயே பள்ளிக்கூடத்தில் ஒரு வேளை, ரோட்டில் ஒரு வேளை, வீட்டில் ஒரு வேளை என்று ஒழுங்காக அடி வாங்கியவன் செஞ்சி வட்டாரத்திலேயே நான் ஒருத்தன்தான். சாப்பாடுகூட அந்த வருஷம் எனக்கு மூன்று வேளை கிடைத்ததில்லை.

என் வயசுக்காரர்களே, மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்த கையோடு உங்கள் உச்சந்தலையையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். எங்காவது ஒரு மேடு தட்டுப்படும். நமக்கெல்லாம் இங்கிலீஷ் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கியது. பாதி இறங்கியது. மீதி வெளியிலேயே வீங்கி நின்றுவிட்டது.

எங்கள் இங்கிலீஷ் சார் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வெள்ளைக் கதர்ச் சட்டை, பையில் எப்போதும் மடித்த கைக்குட்டை. "நான் பிள்ளைங்க மேல கை வெக்கிறதே இல்ல" என்று ஹெட்மாஸ்டரிடமும் சொல்வார், டீக்கடையிலும் சொல்வார். பொய்யில்லை. அவர் கையை அவர் வைத்ததே இல்லை. எங்கள் கையை எங்கள் மேல் வைத்தார். கேள்வி கேட்பார். தெரியாதவன் எழுந்து நிற்க வேண்டும். தெரிந்தவன் பதிலைச் சொல்லிவிட்டு, நிற்கிற அத்தனை பேர் மண்டையிலும் நடு விரலை மடக்கிக் குட்டிக்கொண்டே வர வேண்டும். உங்கள் பள்ளிக்கூடத்திலும் இது இருந்திருக்கும். இல்லை என்று சொல்கிறவர் குட்டுகிற கட்சியில் இருந்திருப்பார்.

அந்தப் பருவத்தில் நடந்த பாடம், அளவையும் வகையையும் சொல்வது எப்படி என்பது. நமக்கு இதில் ஒரு கஷ்டமும் கிடையாது. ஒரு மூட்டை நெல்லு. ஒரு கட்டு விறகு. மூட்டையும் நெல்லும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், சண்டை போடாது. இங்கிலீஷ்காரனுக்கு அது ஆகாது. நடுவில் ஒரு 'ஆஃப்' வைத்து ஆணி அடித்தால்தான் அவன் மூட்டையும் நெல்லும் ஒன்றாக நிற்கும். எ பேக் ஆஃப் பேடி. எ பண்டில் ஆஃப் ஃபயர்வுட். வகை சொல்வதென்றாலும் அதே ஆணிதான், எ கைண்ட் ஆஃப் ஸ்னேக். பாதிப் பேர் அந்த ஆணியை மறந்துவிட்டு "எ பேக் பேடி" என்பார்கள். மண்டையில் ஆணி இறங்கும்.

அப்போது கிளாஸில் பதில் சொல்கிறவள் கம்பவுண்டர் மகள் ஒருத்திதான். அவள் விரலில் செம்பு மோதிரம் ஒன்று உண்டு. குட்டும்போது அதை உள்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். திருப்ப மாட்டாள். அந்த மோதிரத்துக்குப் பயந்துதான் நான் பாடத்தை உருப்போட்டேன். நடக்கிற வழியெல்லாம் கண்ணில் பட்டதற்கெல்லாம் 'ஆஃப்' அடித்துக்கொண்டே போவேன். எ ஹீப் ஆஃப் ஸ்டோன்ஸ், அது ராஜா கோட்டை மலை. எ ஹெர்ட் ஆஃப் பஃபலோஸ், அது ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்பது. எ பேர் ஆஃப் சிலிப்பர்ஸ், அது என் கையில். காலில் இல்லை, கையில். நைனா அவலூர்பேட்டைச் சந்தையில் வாங்கித் தந்த நீல வார் செருப்பு. ஊர்த் தெரு வந்தால் நாங்கள் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தாண்டிய பிறகு போட்டுக்கொள்ளலாம். நான் காலனிப் பையன். வகையைப் பொறுத்தவரை எங்களுக்கு இங்கிலீஷ் தேவைப்படவே இல்லை. யார் எந்த வகை என்று நடையைப் பார்த்தே ஊருக்குத் தெரியும்.

சிங்கவரம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். அதே ரோட்டில் என்னோடு பள்ளிக்கூடம் வந்தவன் பம்புசெட்டுக்காரர் மகன். என்னைவிட ஒன்றரை மடங்கு உயரம். அவன் அப்பா நிலத்தில்தான் நைனாவும் அம்மாவும் கூலிக்குப் போனார்கள். பம்புசெட்டுக்காரரை நைனா 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவார், எஜமான் என்கிற மாதிரி. கூப்பிடும்போது தோளில் துண்டு இருக்காது, கக்கத்துக்குப் போய்விடும்.

மல்லாட்டை பிடுங்குகிற காலம் அது. கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றால்தான் ருசிக்கும். சார் ஒருநாள் மல்லாட்டைச் செடியை வேரோடு கொண்டுவந்து மேஜையில் போட்டார். ஈர மண் வாசனை கிளாஸ் முழுக்க. "ஒரு கொத்து மல்லாட்டை. இங்கிலீஷ்ல சொல்லு." வரிசையாக எழுந்து நின்றார்கள். கம்பவுண்டர் மகளுக்கு அன்று ஜுரம், வரவில்லை. மோதிரம் இல்லாத நாளில் பேசாமல் எழுந்து நின்றிருக்கலாம். முட்டாள் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?

"எ பன்ச் ஆஃப் கிரவுண்ட்நட்ஸ், சார்!"

சார் முகம் பூரித்துவிட்டது. "குட்டுடா ராஜா" என்றார்.

எனக்கும் பூரிப்புதான், மறைப்பானேன்! வாங்கின குட்டையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தேன். எட்டாதவர்களுக்குப் பெஞ்சில் ஏறினேன். கடைசி வரிசையில் பம்புசெட்டுக்காரர் மகன் நின்றான். குனியவில்லை. "தொட்டுப் பாரு" என்று உதடு மட்டும் அசைந்தது.

"இன்னா நிக்கிற?" என்றார் சார்.

"உயரமா கீறான், சார்."

"பெஞ்சு மேல ஏறு."

ஏறினேன். தொட்டும் தொடாமலும் ஒன்று வைத்தேன்.

"குட்டச் சொன்னா பூ வெக்கிறியா? சத்தம் எனக்குக் கேக்கணும்."

இன்னொன்று. டொக். அவன் தலை விளக்கெண்ணெய் என் விரல் முட்டியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

"பாத்துக்குங்க," என்று சார் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "என் கிளாஸ்ல அறிவுதான் பெரிசு. வேற எதுவும் பெரிசு இல்ல." அந்த வார்த்தையை அவர் மனசாரத்தான் சொன்னார், இன்றைக்கும் நான் நம்புகிறேன். சொல்லிவிட்டுச் சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஏறிவிட்டார். நான் சிங்கவரம் ரோட்டில் நடந்து போனேன்.

கோட்டை அகழி ஓரத்தில் சீத்தாப்பழப் புதர் மண்டின இடம். பம்புசெட்டுக்காரர் மகன் முன்னாலேயே வந்து நின்றிருந்தான், கூட ஊர்ப் பையன்கள். இரண்டு பேர் என் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். முதல் குத்து வயிற்றில். மடங்கினவன் முகத்துக்கு முழங்கால் வந்தது. வாய்க்குள் ஏதோ உடைந்து உருண்டது. பழக்கொட்டை என்று நினைத்தேன், பல். அப்புறம் மண்ணை அள்ளி வாயில் திணித்தான். "சொல்லுடா உன் இங்கிலீஸ! இப்ப சொல்லுடா!" வாய் நிறைய மண்ணோடு யாராலும் இங்கிலீஷ் பேச முடியாது, அந்தப் பாஷை பிறந்த ஊரிலேயே முடியாது. கடைசியில் என் செருப்பில் ஒன்றைத் தூக்கி அகழியில் வீசினான். பச்சைப் பாசி திறந்து, வாங்கிக்கொண்டு, மூடிக்கொண்டது. மிச்சம் இருந்த ஒற்றைச் செருப்புக்கு இங்கிலீஷில் எந்த ஆணியும் தேவையில்லை என்பதை அன்றுதான் கற்றேன்.

வீட்டில் நைனா, "இன்னாடா இது?" என்றார்.

"விழுந்துட்டேன், நைனா."

நடந்ததைச் சொன்னால் அவர் கூலி போய்விடும். அது தெரிகிற அளவுக்கு மட்டும் எனக்கு அறிவு இருந்தது. நைனா புளிய மிளாறை உருவினார். கெண்டைக்காலில் விழுந்த வரிகள் உப்புத் தண்ணீர் பட்டால் எரிகிற வகை. "பள்ளிக்கூடம் போறியா, சண்டைக்குப் போறியா? செருப்ப வேற தொலைச்சுட்டு வந்து நிக்கிற! இன்னொரு தடவ சட்டையில ரத்தத்தப் பாத்தேன், நேரா சூளைக்குத்தான். மாமன் ஆளு கேட்டுக்கினே கீறான்." செங்கல் சூளையில் என் மாமன் மேஸ்திரி. என் பெரியம்மா மகன்கள் இரண்டு பேரை முன்பே அங்கே அனுப்பியாயிற்று. அவர்கள் விரல் நுனியில் ரேகையே இருக்காது. நைனா சொன்னால் செய்கிற ஆள். அம்மா என் வாயைக் கழுவிவிட்டு மஞ்சள் அரைக்கப் போனாள்.

ஆகவே தெரியாதவனாகிவிடுவது என்று முடிவெடுத்தேன். மறுநாள் சார் "ஒரு சொட்டு ரத்தம்" என்று கேட்டார். எழுந்து நின்றேன். "உனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாதவன் திருடன்" என்றார். கிளாஸ் மொத்தமும் வரிசையில் வந்து ஆளுக்கொன்று என்னைக் குட்டிவிட்டுப் போகும்படி உத்தரவு. நேற்று என்னிடம் வாங்கினவன் ஒருத்தன் இரண்டாம் தடவையும் வரிசையில் வந்து நின்றான். கடைசியில் கம்பவுண்டர் மகள், ஜுரம் விட்ட தெம்போடு. மோதிரம் தோலைக் கிழித்தது. சொட்டுக் கணக்கெல்லாம் தாண்டிக் காதோரம் வழிந்து காலரில் இறங்கியது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் சட்டையைக் கசக்கி, கோட்டை மதிலில் விரித்துப் போட்டு, காய்கிற வரைக்கும் வெற்றுடம்போடு குரங்குகளோடு குரங்காக உட்கார்ந்திருந்தேன். ஒரு குரங்கு சட்டையை எடுக்க வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். அந்தப் பருவத்தில் நான் ஜெயித்த சண்டை அது ஒன்றுதான்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் யோசனை வந்தது. மறுநாள் பம்புசெட்டுக்காரர் மகனை, அவன் ஆட்கள் வந்து சேர்வதற்கு முன்னால், அகழி ஓரத்தில் பிடித்தேன்.

"டேய், அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளு."

"இன்னா?"

"சார் குட்டச் சொன்னா நான் கைய ஓங்குறேன். உன் மண்ட மேல படாம நிறுத்திடுவேன். சத்தம் நாக்குல போடுறேன்." நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சுண்டினேன். டொக்.

அவன் என் வாயை உற்றுப் பார்த்தான். "இன்னொரு வாட்டி போடு."

டொக்.

"அப்ப ரோட்டுல? அடிக்கலன்னா பசங்க என்னச் சிரிப்பானுங்க."

"ரோட்டுல நீயும் சும்மா ஓங்கு. நான் அய்யோ அம்மான்னு கத்துறேன்."

யோசித்தான். "கத்துறது நல்லா இருக்கணும்" என்றான்.

அப்படி ஆரம்பித்தது எங்கள் கம்பெனி. கிளாஸில் நான் பெஞ்சில் ஏறி, முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை ஓங்குவேன். டொக். அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். அந்த நெட்டையனுக்குள் அப்படியொரு நடிகன் இருந்தது யாருக்கும் தெரியாது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வரும். மற்றவர்களுக்கு அசல் குட்டுதான், ஒப்பந்தம் ஒருத்தனோடுதானே! சாயங்காலம் அகழி ஓரத்தில் அவன் குத்துவான், குத்து என் விலாவுக்குப் பக்கத்தில் காற்றில் போகும், நான் புரண்டு அழுவேன். ஒருநாள் ரொம்ப நன்றாக அழுதுவிட்டேன். பையன்களில் ஒருத்தன், "பாவம்டா, விட்டுடு" என்றான். ஆட்கள் கலைந்த பிறகு நெட்டையன் கால்சட்டைப் பையிலிருந்து பச்சை மல்லாட்டை எடுத்துத் தரையில் வைப்பான். கையில் தர மாட்டான். நான் எடுத்துக்கொள்வேன். பாலாக இனிக்கும்.

வீட்டில் சட்டை சுத்தமாக இருந்தது. நைனா, "இப்பத்தான் புத்தி வந்திருக்குது" என்று அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். புளிய மிளாறால் வந்த புத்தி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முடிவெட்டுகிற இடத்தில் எவனோ வாயைத் திறந்துவிட்டான். காலனிப் பையன் பம்புசெட்டுக்காரர் மகனைத் தினமும் தலையில் குட்டுகிறான் என்று.

மறுநாள் இரண்டாம் பீரியடில் மோட்டார் சைக்கிள் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பம்புசெட்டுக்காரர், கையில் மாட்டுச் சாட்டை. வண்டிக்குப் பின்னால், முழங்கால் வரை சேறோடு, ஓட்டமாக ஓடிவந்தவர் நைனா. பின் சீட் காலியாகத்தான் இருந்தது.

"எவன்டா என் புள்ள தலையில கைய வெச்சவன்?"

சார் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். ஆனாலும் கொள்கைக்காரர், அசையவில்லை. "இங்க தெரிஞ்சவன் தெரியாதவனக் குட்டுவான். அதுல ஊரு, காலனி எல்லாம் கெடையாது. வேணும்னா உங்க முன்னாடியே காட்டுறேன்." என் பக்கம் திரும்பினார். "ஒரு கும்பல் ஜனம். சொல்லு."

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் வாய்க்குத் தெரியவில்லை.

"எ க்ரவுட் ஆஃப் பீப்பிள், சார்."

"போய்க் குட்டு."

நான் நகரவில்லை. பம்புசெட்டுக்காரர் சாட்டையை நைனாவிடம் நீட்டினார். "இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? உன் புள்ளதானே?"

"கிளாஸ்ல இதெல்லாம் வேணாம்," என்றார் சார். "வெளிய போய் வெச்சுக்குங்க."

வேப்ப மரத்தடியில் வைத்துக்கொண்டோம். சாட்டை முதுகில் விழுந்ததும் சட்டை பிளந்தது. இரண்டாவது தோளைச் சுற்றிக்கொண்டு நுனி வந்து உதட்டைக் கிழித்தது. அதற்கப்புறம் நான் கீழே கிடந்தேன். நைனா ஒவ்வொரு அடிக்கும் ஆண்டே முகத்தைத் திரும்பிப் பார்த்தார், போதுமா என்று கேட்கிற மாதிரி. அவர் முகத்தில் போதும் என்று எழுதியிருக்கவில்லை. என் முதுகில் எறும்பு ஊர்வது மாதிரி சூடாக ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. கிளாஸ் மொத்தமும் ஜன்னல் கம்பியில் தொங்கியது. நிஜமாகவே எ க்ரவுட் ஆஃப் பீப்பிள்.

"இதோட இவன் பள்ளிக்கூடம் வர்ற வேலைய விடச் சொல்லு" என்றார் பம்புசெட்டுக்காரர்.

"சரி ஆண்டே. நாளைக்கே சூளைக்கு அனுப்பிடுறேன்."

"யப்பா!"

பம்புசெட்டுக்காரர் மகன் வாசற்படியில் நின்றிருந்தான். "அவன் என்னத் தொடவே இல்ல, யப்பா. கைய ஓங்குவான், அவ்ளோதான். சத்தம் நாக்குல போடுவான்."

முதல் நாள் போட்ட இரண்டும் அசல். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பம்புசெட்டுக்காரர் என்னைக் காலால் புரட்டினார். "நாக்குலயா? எங்க, போடு."

எழுந்து உட்கார்ந்து நாக்கைச் சுண்டினேன். உதடு கிழிந்து, வாய் முழுக்க ரத்தம். ப்ளச் என்று ஒரு சத்தம், சேற்றில் கால் வைத்த மாதிரி. மறுபடியும் ப்ளச். அவர் திரும்பித் தன் மகன் கன்னத்தில் ஒரு அறை விட்டார். அவ்வளவு உயரமானவன் சுவரில் போய் மோதினான். "இவனுக்காகப் பொய் சொல்றியா? காலனிக்கு வக்கீலாடா நீ?"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினான். "துப்பிட்டுப் போடுடா, பொறம்போக்கு!"

துப்பினேன். மணலில் சிவப்பாக விழுந்தது. நாக்கால் மேலண்ணத்தைத் துழாவித் துடைத்து, ஒட்டி, என் உயிரையெல்லாம் அதில் வைத்துச் சுண்டினேன்.

டொக்.

ஜன்னலிலிருந்து கம்பவுண்டர் மகள் கத்தினாள். "சார், அதே சத்தந்தான், சார்!" எவனோ களுக்கென்று சிரித்தான். பிறகு ஜன்னல் மொத்தமும் சிரித்தது. இத்தனை நாள் சார் காது குளிரக் கேட்ட நீதியெல்லாம் என் நாக்கில் உற்பத்தியானது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

சார் படியிறங்கி வந்தார். வெள்ளைக் கதர், மடிப்புக் கலையவில்லை. "என்னையே ஏமாத்துனியாடா?" கை வைக்காத அந்த மனுஷர், முழங்கையிலிருந்து வீசி ஓர் அறை கொடுத்தார். அன்று வாங்கினதில் காதுக்குள் இன்றுவரை கேட்பது அந்த ஒன்றுதான். அதன் பிறகு அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார், யாருடையதோ என்பதுபோல. கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்துக்கொண்டார்.

பம்புசெட்டுக்காரர் வண்டியை உதைத்தார். "தொடலல்ல? அப்ப படிச்சிட்டுப் போவட்டும். தொட்டாத்தான் பேச்சு." நைனா சாட்டையை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் ஓடினார்.

இப்படியாகப் படிப்பில் என் இடம் உறுதியானது, நண்பர்களே. என் கை யார் தலையிலும் படவில்லை என்கிற தகுதியில். அறிவே பெரிசு என்ற சார் அந்த அறைக்கப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை. அறிவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத பம்புசெட்டுக்காரர்தான் என்னைப் படிக்கவிட்டார். அவர் போட்ட நிபந்தனையை இப்போது நினைத்தாலும் முதுகு அரிக்கிறது, சொறியக் கை எட்டுவதில்லை. வயசாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அதே ரோடு. அவன் முன்னால், நான் பின்னால். அவன் கன்னத்தில் விரல் அச்சு. என் உதடு முறம் மாதிரி. ஊர்ப் பையன்கள் யாரும் கூட வரவில்லை. சட்டைப் பிளவு வழியாகக் காற்று நுழைந்து முதுகில் மிளகாய் தடவியது.

அகழியைத் தாண்டினதும் எனக்கு நாளைய கிளாஸ் ஞாபகம் வந்துவிட்டது.

"டேய், நாளைக்கு சார் கேட்டா இன்னாடா பண்றது? பதில் சொன்னா உன்னக் குட்டச் சொல்வாரு, குட்டுனா சூளைக்குப் போவணும். சொல்லலன்னா கிளாஸே வரிசையில நின்னு என்னக் குட்டும்."

அவன் திரும்பவில்லை. ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, தோலை ரோட்டில் துப்பினான்.

"பாடத்த எனக்குச் சொல்லிக்குடு, உன்னையும் சேத்து நானே குட்டுறேன்."